பைன் கன்றும் செம்மானும்: ஸ்காட்லாந்தின் பழங்காடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக்குச் சுற்றுலா போய்வரும் நம்மவர்கள் படம் எடுத்துப் போடுவார்கள்: ஒரு ஏரி, ஊதாப் பூ பூத்த மலைச்சரிவு, தூரத்தில் மான் கூட்டம். கீழே "என்ன ஒரு இயற்கை!" என்று எழுதுவார்கள். அந்த மலை மொட்டையாகக் கிடப்பதற்கும் அந்த மான் கூட்டத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னால் கேள்விகள் வரிசையாக வரும். வழக்கமாக வருகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

எந்த மரத்தைப் பற்றிய பேச்சு இது?

ஸ்காட்ஸ் பைன். ஊசியிலை மரம். அடிமரத்தில் பட்டை தடித்துச் சாம்பலும் பழுப்புமாக இருக்கும். மேலே போகப் போக மெலிந்து செம்மஞ்சளாகிவிடும். இளசில் கூம்பாக வளர்ந்து, வயதானபின் தலை அகன்று தட்டையாகப் படரும். 2014ல் இதை ஸ்காட்லாந்தின் தேசிய மரமாக அறிவித்தார்கள். பனியுகம் முடிந்தபின் வந்து குடியேறிய இந்தப் பைன், பிர்ச், ரோவன், ஆஸ்பென் போன்ற மரங்களோடு சேர்ந்து நின்ற காட்டைத்தான் கலிடோனியக் காடு என்கிறார்கள்.

ஒரு காலத்தில் அந்தக் காடு சுமார் 15 லட்சம் ஹெக்டேர் இருந்திருக்கும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவ்வளவு இருந்திருக்காது என்று வாதாடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. மிச்சம் இருப்பதில் அவ்வளவு தகராறு இல்லை: அரசுப் பதிவேட்டில் உள்ள பழைய பைன் காடுகள் 84 துண்டுகள், மொத்தம் ஏறத்தாழ 18,000 ஹெக்டேர்.

ஸ்பெயினிலிருந்து சைபீரியா வரை ஸ்காட்ஸ் பைன் இருக்கிறதே, இதில் அழிவது எங்கே?

நியாயமான கேள்வி. மர இனம் என்று பார்த்தால் இதற்கு ஆபத்து ஏதும் இல்லை. உலகில் மிகப் பரவலாக வளரும் ஊசியிலை மரங்களில் இதுவும் ஒன்று. ஸ்காட்லாந்திலேயே கூட மரத்துக்காக வரிசை வரிசையாக நட்ட பைன் தோட்டங்கள் ஏராளம்.

குறைந்துகொண்டே போவது அந்த மண்ணில் விட்ட விதையே மறுபடி முளைத்து, பல ஆயிரம் ஆண்டுகளாக அறுபடாமல் வந்த வம்சம். மரத்துப் பிசினில் உள்ள வேதிப்பொருள்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது இடத்துக்கு இடம் வேறுபாடு தெரிந்தது; குறிப்பாக வடமேற்கில், லாக் மரீ ஏரிப் பக்கத்து மரங்கள் தனித்து நின்றன. அதனால்தான் பழங்காட்டுப் பைனை ஏழு விதை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்து விதையை இன்னொன்றில் கலக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

அப்புறம், மரம் தனியாகவா இருக்கிறது? பிரிட்டனுக்கே உரிய ஒரே பறவை இனமான ஸ்காட்டிஷ் கிராஸ்பில், தரையில் படரும் ட்வின்ஃப்ளவர் என்ற சின்ன இளஞ்சிவப்புப் பூ, வான்கோழி அளவுக்கு வளரும் கேப்பர்கேலி, எல்லாம் இந்தக் காட்டை அண்டி வாழ்பவை. பைன் ஹோவர்ஃப்ளை என்று ஒரு ஈ இருக்கிறது. அது முட்டையிடுவது பைன் அடிக்கட்டையில் உளுத்து ஈரம் தேங்கிய பொந்தில்தான். தோட்டத்துப் பைனைக் கிழடாகும் முன்பே வெட்டிவிடுவார்கள், அதில் உளுப்பு எங்கே வரும்? இப்போது அந்த ஈயைக் கூண்டில் வளர்த்துக் கெயர்ன்கார்ம்ஸ் மலைத்தொடரின் காடுகளில் விட வேண்டிய நிலை.

இவ்வளவு காட்டையும் மானா தின்றுவிட்டது?

இல்லவே இல்லை. மானை வில்லனாக்கி எழுதும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

முதல் அடி விழுந்தது சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன். ஈரம் கூடிப் பல இடங்களில் நிலம் சதுப்பாகி, பைன் பின்வாங்கியது. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் மனிதர் அழித்தது அதற்கு மேல். பிறகு வந்தது வியாபாரம். 1728ல் அபர்நெத்திக் காட்டில் 60,000 மரங்களை லண்டனைச் சேர்ந்த ஒரு கம்பெனிக்கு விற்றார்கள். 1780களில் க்ளென்மோர் காட்டை கார்டன் பிரபு 10,000 பவுண்டுக்கு விற்க, வாங்கியவர்கள் மரத்தை வெட்டி ஸ்பே ஆற்றில் மிதக்கவிட்டு, முகத்துவாரத்தில் கப்பல் கட்டினார்கள். ஒன்றிரண்டல்ல, 47 கப்பல்கள். குடியானவர்களைக் கிளப்பிவிட்டு மலையெங்கும் செம்மறி ஆடு விட்ட காலம் அடுத்தது. கடைசியாக இரண்டு உலகப் போர்கள். கனடாவிலிருந்து மரம் வெட்டும் படையே வந்து இறங்கியது.

ஆனால் காடு வெட்டுவதைத் தாங்கும். விதை மரம் நாலு விட்டுவைத்தால் போதும், தானே திரும்பி வரும். அந்தத் திரும்பி வருதலைத்தான் மான் தடுத்து நிற்கிறது. கோடரி வைத்தது மனிதன். அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகளாக ஒரு கன்றையும் தலையெடுக்க விடாதது மேய்ச்சல். இப்போது நம் கையில் இருக்கும் பிரச்சினை இரண்டாவதுதான்.

கடித்தால் மரம் செத்துவிடுமா?

பெரும்பாலும் சாவதில்லை, அதுதான் சிக்கலே. ஆடு கடித்த செடி உருப்படாது என்று ஊரில் சொல்வார்களே, அந்தக் கதைதான்.

பைன் விதை வசந்த காலத்தில் கூம்பிலிருந்து உதிர்ந்து, சிறகோடு காற்றில் போய், ஹெதர் என்ற ஊதாப் பூக் குறும்புதருக்கு இடையில் விழுந்து முளைக்கிறது. முதல் சில ஆண்டுகள் ஹெதருக்குள்ளேயே ஒளிந்திருக்கும், யார் கண்ணிலும் படாது. என்றைக்கு அதன் நுனி ஹெதருக்கு மேலே எட்டிப் பார்க்கிறதோ, அன்றைக்கு ஆபத்து ஆரம்பம். குளிர்காலத்தில் புல் காய்ந்து, பனி மூடி, பச்சை என்று மேலே தெரிவது அந்த நுனி ஒன்றுதான். மான் அதைக் கடித்துவிட்டுப் போகும். மறு ஆண்டு பக்கக்கிளை ஒன்று நிமிர்ந்து நுனியாகும். அதையும் கடிக்கும்.

ஹெதரைக் கையால் விலக்கிப் பார்த்தால் இப்படிப்பட்டவை கிடைக்கும்: முழங்கால் உயரம், அடித்தண்டு கட்டைவிரல் பருமன், மேலே நாலைந்து நுனியாகக் கிளைத்துக் கத்தரித்து விட்டதுபோல் சப்பையாக இருக்கும். பார்த்தால் மூன்று நான்கு வயதுக் கன்று என்று தோன்றும். உண்மையில் இருபது வயதுகூட இருக்கலாம். கடிபடாத கன்றுக்கு வயது சொல்வது சுலபம், ஆண்டுக்கு ஒரு சுற்று கிளை விடும், சுற்றுகளை எண்ணினால் போதும். கடிபட்டதில் அந்தக் கணக்கெல்லாம் குழம்பிவிடும்.

நம்பிக்கையான செய்தியும் இதிலேயே இருக்கிறது. மான் குறைந்தால் இந்தக் குட்டைகள் நிமிர்ந்துவிடும். வேர் தயாராக இருப்பதால் புதுக் கன்றைவிட வேகமாகவே மேலே வரும்.

மான் கடித்ததா, முயல் கடித்ததா என்று எப்படித் தெரியும்?

வெட்டுவாயைப் பாருங்கள். முயலுக்கு மேலும் கீழும் வெட்டுப்பல் உண்டு. கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் இருக்கும். மானுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. பிடித்து இழுத்துத்தான் பிய்க்கும், ஆகவே நுனி நார் நாராகக் கிழிந்திருக்கும்.

மானும் அந்த மண்ணின் விலங்குதானே? இத்தனை ஆயிரம் ஆண்டு காடும் மானும் சேர்ந்துதானே இருந்தன?

ஆமாம், செம்மானும் ரோ மானும் அங்கே ஆதியிலிருந்தே உண்டு. (சிகாவும் ஃபாலோவும் வெளியிலிருந்து கொண்டுவந்தவை.) மாறியது எண்ணிக்கையும், மானைத் துரத்த ஆளில்லாமல் போனதும்.

ஓநாய் 17ஆம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் ஸ்காட்லாந்தில் தீர்ந்துபோனது. லிங்க்ஸ் காட்டுப்பூனை அதற்கு முன்பே போய்விட்டது. ஓநாய் இருந்தால் எத்தனை மானைத் தின்னும் என்பதோடு கணக்கு முடிவதில்லை. ஓநாய் நடமாடும் இடத்தில் மான் ஒரே சரிவில் நிம்மதியாக நின்று மேயாது.

பிறகு 19ஆம் நூற்றாண்டில் மான் வேட்டை பிரபுக்களின் பொழுதுபோக்கானது. விக்டோரியா ராணி குடும்பம் 1852ல் பால்மோரலை வாங்கியது. ராணிக்குப் பிடித்தது பணக்காரர் எல்லோருக்கும் பிடித்துப்போனது. லட்சக்கணக்கான ஏக்கர் மலை, கொம்புள்ள ஆண் மானைச் சுடுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. இன்றைக்கும் அத்தகைய எஸ்டேட்டை விற்கும்போது ஆண்டுக்கு எத்தனை ஆண் மான் சுடக் கிடைக்கும் என்பதை வைத்து விலை பேசுகிறார்கள். மான் கூடக் கூடச் சொத்து மதிப்பு கூடும் என்றால் யார் குறைப்பார்கள்?

அரசு அமைத்த மான் மேலாண்மைக் குழு 2020ல் அறிக்கை கொடுத்தது. நான்கு இனங்களும் சேர்ந்து ஸ்காட்லாந்தில் மான்கள் 10 லட்சத்தை நெருங்கியிருக்கலாம் என்றது. 1990 வாக்கில் 5 லட்சம்.

சரி, ஏன் இத்தனை அவசரம்? மரம் முந்நூறு ஆண்டு வாழுமே.

வாழும். 500 ஆண்டு தாண்டியதும் உண்டு. அவசரத்துக்குக் காரணமே அந்த வயதுதான். பல சரிவுகளில் நிற்பவை எல்லாம் 200, 250 வயதுக் கிழங்கள். பாட்டி மரம் என்றே அங்கே சொல்வார்கள். பாட்டி இருக்கிறாள், மகளும் இல்லை, பேத்தியும் இல்லை. நடுவில் ஏழெட்டுத் தலைமுறைக் கன்றுகள் மான் வயிற்றுக்குள் போய்விட்டன.

பைன் விதை வெகுதூரம் போகாது. பெரும்பாலானவை தாய்மரத்திலிருந்து நூறு மீட்டருக்குள்ளேயே விழும். கடைசிப் பாட்டி புயலில் சாய்ந்துவிட்டால் அந்தச் சரிவுக்கு விதை வரும் வழி அடைபட்டுவிடும். அதற்குப்பின் மானை முற்றிலும் எடுத்துவிட்டாலும் அங்கே பைன் தானாக வராது.

வேலி போட்டுவிட்டால் தீர்ந்ததே?

எல்லோரும் கேட்கும் கேள்வி, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வேலி வேலை செய்யும், அதில் சந்தேகமே இல்லை. க்ளென் அஃப்ரிக் பள்ளத்தாக்கில் 1960களில் வனத்துறை வேலியடைத்த இடங்கள் இன்று அடர்ந்த பைன் காடு. வேலிக்கு இந்தப் பக்கம் ஆளுயரக் காடு, அந்தப் பக்கம் வெறும் புல் என்று கோடு கிழித்தாற்போல் பார்க்கலாம். வேலியே போடாமல் இயற்கை காட்டிய சாட்சியும் உண்டு. லாக் மரீ, லாக் அஸிண்ட் ஏரிகளில் குட்டிக் குட்டித் தீவுகள் இருக்கின்றன. தீவு முழுக்கப் பைன், சுற்றியுள்ள கரை முழுக்க மொட்டை. அதே மண், அதே மழை. ஆடும் மானும் தீயும் எளிதில் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் செம்மானை நிறுத்த வேலி 1.8 மீட்டர் உயரமாவது வேண்டும். அதைக் கல்லும் சதுப்புமான மலையில் கிலோமீட்டர் கணக்கில் இழுத்துக்கொண்டு போக வேண்டும். பனி அடித்துக் குவிந்தால் மான் அதன்மேல் நடந்தே உள்ளே வந்துவிடும். இருபது ஆண்டு ஆனால் கம்பி துருப்பிடித்து விழும், மறுபடி போட வேண்டும். வேலிக்குள்ளிருந்து துரத்தப்பட்ட மான் மாயமாகப் போவதில்லை, பக்கத்துச் சரிவில் போய்க் கூடுதலாக மேயும்.

இன்னொரு கொடுமை கேப்பர்கேலி. கனத்த பறவை, மரங்களுக்கிடையே தாழ்வாக வேகமாகப் பறக்கும். கம்பி வேலி அதன் கண்ணுக்குத் தெரியாது. மோதிச் சாகும். 2021-22 கணக்கெடுப்பில் பிரிட்டன் முழுவதும் மிஞ்சியிருந்தவை 532 என்று மதிப்பிட்டார்கள். காட்டைக் காக்கப் போட்ட வேலி காட்டுப் பறவையைக் கொன்றதால், பல இடங்களில் வேலியில் மரச்சட்டமோ ஆரஞ்சு வலையோ கட்டினார்கள். சில இடங்களில் வேலியையே பிடுங்கிப் போட்டார்கள்.

என் கருத்து: விதை மரம் நாலைந்துதான் மிச்சம், பக்கத்து எஸ்டேட் மானைக் குறைக்க மாட்டேன் என்கிறது என்ற இடத்தில் வேலி போடுவது சரி. ஒரு தலைமுறைக் கன்றைக் காப்பாற்ற அவகாசம் கிடைக்கும். ஆனால் வேலியை மட்டும் நம்பினால் காடு என்று ஒன்று வராது, அங்கங்கே அடைத்து வைத்த பட்டிகள்தான் வரும்.

ஆளுக்கு ஒரு கன்று நடும் இயக்கம் நடத்தலாமே?

நட்ட கன்றையும் மான் தின்னும். சொல்லப்போனால் அதைத்தான் முதலில் தின்னும்; நாற்றங்காலில் உரம் போட்டு வளர்த்த கன்று அதற்கு ருசி. விதை மரம் இருக்கும் இடத்தில் நடவே தேவையில்லை, மானைக் குறைத்தால் தானே முளைக்கும். விதை மரம் அறவே போன இடத்தில் நடலாம், அந்த மண்டலத்து விதையாகப் பார்த்து. க்ளென் மாரிஸ்டன் பள்ளத்தாக்கில் ட்ரீஸ் ஃபார் லைஃப் அமைப்பு 2008ல் வாங்கிய டண்ட்ரெகன் எஸ்டேட்டில் நடவு, தானாக முளைப்பது இரண்டும் சேர்ந்தே நடக்கிறது. தன்னார்வலர்களுக்கும் வேலை உண்டு.

மரம் நடும் விழாவில் படம் எடுக்கலாம், மான் கணக்கெடுப்பில் எடுக்க ஒன்றும் இருக்காது. பணம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் மானைச் சுட்டுக் கொல்ல வேண்டும் என்கிறீர்களா?

ஆமாம். சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை. ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு 1 லட்சத்துக்கு மேல் மான்கள் இப்போதே சுடப்படுகின்றன. அப்படியும் பல இடங்களில் போதவில்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வேட்டைக்கு வரும் விருந்தினர் சுடுவது ஆண் மானை, கொம்புக்காக. அதனால் மந்தை குறையாது. ஓர் ஆண் பல பெண் மான்களோடு சேரும். குறைய வேண்டுமானால் பெண் மானைச் சுட வேண்டும். அதற்குரிய பருவம் அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை: மழை, பனி, நாலு மணிக்கே இருட்டு. காசு கொடுத்து யாரும் வர மாட்டார்கள். எஸ்டேட்டில் சம்பளத்துக்கு இருக்கும் ஸ்டாக்கர்தான் தவழ்ந்து போய்ச் சுட்டு, மலையிலிருந்து இழுத்துக்கொண்டு வர வேண்டும்.

ஐயோ பாவம் என்று தோன்றுவது இயற்கை. நம் ஊரில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி மானைச் சுட்டால் ஜெயில். ஆனால் மரமில்லாத மலையில் மான் படும் பாட்டையும் பாருங்கள். செம்மான் அடிப்படையில் காட்டோர விலங்கு. ஒதுங்க மரமில்லாமல், தீனி பற்றாமல், குளிர்காலக் கடைசியில் மந்தை மந்தையாகப் பட்டினியில் சாகும். மலைநாட்டு மான் காட்டில் வளரும் மானைவிட உருவத்திலும் சிறுத்துப்போனது. கூட்டம் குறைந்து காடு வந்த இடங்களில் மான் நன்றாகக் கொழுத்திருக்கிறது.

கருத்தடை ஊசி போடலாமே?

அடைத்து வைத்த பூங்காவில் முடியும். பல நூறு சதுர கிலோமீட்டர் மலையில் சுற்றும் மானுக்கு ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி, அதையும் திரும்பத் திரும்பப் போடுவது நடக்காத காரியம். தவிர, ஊசி போட்ட மான் உயிரோடு இருக்கும் வரை கன்றைத் தின்றுகொண்டுதான் இருக்கும்.

ஓநாயைத் திரும்பக் கொண்டுவந்தால்?

ஆசை பலருக்கும் இருக்கிறது. 2025ல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் கணிப்பு ஒன்றை வெளியிட்டார்கள்: மலைநாட்டில் 167 ஓநாய் வரை வாழ முடியும், மானைக் குறைத்துக் காடு தானே விரிய வழி செய்ய அது போதும் என்று. காகிதத்தில் சரி. ஆனால் ஆடு வளர்ப்பவர்கள் சம்மதிக்க வேண்டுமே. அதே ஆண்டு ஜனவரியில் யாரோ கெயர்ன்கார்ம்ஸில் அனுமதியில்லாமல் நான்கு லிங்க்ஸ்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். எல்லாவற்றையும் பிடித்தார்கள், அதில் ஒன்று செத்துப்போனது. அவசரக்குடுக்கை வேலை. பைன் கன்றுக்கு இன்னும் இருபது ஆண்டு காத்திருக்க நேரமில்லை. ஓநாய் வந்தால் வரட்டும், அதுவரை துப்பாக்கிதான்.

குறைத்த இடங்களில் நிஜமாகவே பலன் தெரிகிறதா?

தெரிகிறது. இந்த ஒன்றில் சந்தேகத்துக்கு இடமில்லை.

கிரெய்க் மெகி என்ற மலைப்பகுதியை 1985ல் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வாங்கியது. வெளிநாட்டு ஸ்ப்ரூஸ் மரம் வைக்கப் போகிறார்கள் என்று எதிர்ப்பு கிளம்பிய இடம் அது. வேலி போட மாட்டோம், மானைக் குறைப்போம் என்று முடிவெடுத்தார்கள். பத்துப் பதினைந்து ஆண்டில் சரிவெங்கும் பிர்ச்சும் ரோவனும் கிளம்பின. அபர்நெத்தியை 1988ல் பறவைகள் பாதுகாப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.பி. வாங்கி, மானையும் குறைத்தது, கேப்பர்கேலிக்காக வேலிகளையும் எடுத்தது. பைன் கன்றுகள் பழங்காட்டின் ஓரத்திலிருந்து மலைமேல் ஏற ஆரம்பித்தன.

மார் லாட்ஜ் எஸ்டேட்டின் கதை நீளமானது. 1995ல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை வாங்கியது. ஒரு பகுதியில் காடு வளர மானை அறவே குறைப்பது, மறுபகுதியில் வேட்டைக்கு மான் வைத்திருப்பது என்று இரண்டு குதிரையில் சவாரி செய்யப் பார்த்தார்கள். மானுக்கு எல்லைக்கோடு தெரியுமா? முதல் பத்து ஆண்டு சுட்டும் கன்று எழவில்லை. பக்கத்து எஸ்டேட்காரர்கள் எங்கள் மானையும் சேர்த்துச் சுடுகிறீர்கள் என்று கத்தினார்கள். அறக்கட்டளை தாக்குப்பிடித்தது. இன்றைக்கு அந்தப் பள்ளத்தாக்குகளில் இடுப்பளவும் ஆளுயரமுமாகப் பைன் கன்றுகள் நிற்கின்றன.

க்ளென்ஃபெஷிதான் எல்லாவற்றிலும் பெரிய சண்டை. 2004ல் அரசின் மான் ஆணையம் ஹெலிகாப்டரில் ஆட்களை மலைமேல் இறக்கி நூற்றுக்கணக்கான மான்களைச் சுட்டது. ஸ்டாக்கர்கள் கொதித்துப்போனார்கள். 2006ல் டென்மார்க் தொழிலதிபர் ஆண்டர்ஸ் ஹோல்க் போவ்ல்சன் எஸ்டேட்டை வாங்கி, விடாமல் குறைத்து, சதுர கிலோமீட்டருக்கு ஓரிரண்டு மான் என்ற அளவுக்குக் கொண்டுவந்தார். ஆற்றங்கரைக் கூழாங்கல் மேட்டில்கூட இப்போது பைன் முளைத்துக் கிடக்கிறது. யாரும் நட்டதில்லை.

பெரும் பணக்காரர் ஒருவர் ஒரு பள்ளத்தாக்கையே வாங்கித் தன் இஷ்டத்துக்குக் காடாக்கலாம் என்பது எனக்கு முழு மனதாக ஒப்பவில்லை. அவருக்கு முன்பு இருந்தவர்கள் அதே உரிமையில்தான் மொட்டையாக வைத்திருந்தார்கள். நில உடைமை தனிக் கேள்வி, இந்தப் பக்கத்தில் அடங்காது.

எதிர்ப்பவர்கள் யார்? அவர்கள் பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கிறது. எஸ்டேட் முதலாளியை விடுங்கள், ஸ்டாக்கரைப் பாருங்கள். அப்பா, தாத்தா காலத்திலிருந்து அந்த மலையில் மானைப் பராமரித்த குடும்பம். குடியிருக்கும் வீடும் வேலையோடு ஒட்டியது. பெண் மானைக் குட்டியோடு இருக்கும்போது சுடாதே, காயப்பட்டதை விட்டுவிட்டுப் போகாதே என்றெல்லாம் அவர்களுக்கு எழுதாத சட்டங்கள் உண்டு. ஹெலிகாப்டரில் வந்து சுடுவது அவர்களுக்கு அவமானமாகப் பட்டது. ஆங்கில ஓவியர் லேண்ட்சியர் 1851ல் வரைந்த கொம்புள்ள ஆண் செம்மான் ஓவியம் விஸ்கி பாட்டில் முதல் பிஸ்கட் டப்பா வரை ஒட்டிக் கிடக்கும் நாடு அது. மான்தான் மலையின் முகம் என்று வளர்ந்தவர்களிடம் மான் அதிகம் என்று சொன்னால் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் வேலை போய்விடும் என்ற பயம் அப்படியே பலிக்கவில்லை. மானைக் குறைவாக வைத்திருக்க ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். க்ளென்ஃபெஷியில் அதைச் செய்வதும் ஸ்டாக்கர்கள்தான்.

மானே இல்லாமல் செய்துவிட்டால் இன்னும் நல்லதுதானே?

வேண்டாம். மேய்ச்சல் அறவே நின்றால் ஹெதரும் பாசியும் தடித்துப்போய் விதை மண்ணைத் தொடாது. பைனுக்கு வெயிலும் வேண்டும், அங்கங்கே கிளறிவிட்ட மண்ணும் வேண்டும். தாய்மரத்தின் அடர்ந்த நிழலில்கூட அது வளராது. குளம்பு பட்டுப் புரண்ட மண்ணில்தான் முளைப்பு நன்றாக இருக்கும். அதனால் சில இடங்களில் மாட்டை விட்டு மிதிக்கச் செய்து பார்க்கிறார்கள்.

எத்தனை மான் இருக்கலாம்?

வேலியில்லாமல் கன்று எழ, சதுர கிலோமீட்டருக்கு 5க்குக் கீழே என்பது களத்தில் புழங்கும் கணக்கு. ஹெதர் உயரம், மற்ற தீனி, பனி எல்லாவற்றையும் பொறுத்துக் கூடும் குறையும். 2020 அறிக்கை மலைநாட்டுத் திறந்தவெளிக்கு 10 என்று மேல்வரம்பு சொன்னது. பத்து என்பது பைனுக்கு அதிகம். எண்ணை விடக் கன்றைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். ஒவ்வோர் ஆண்டும் வசந்தத்தில் குறிப்பிட்ட இடங்களில் நூறு கன்றைப் பார்த்து, எத்தனையில் நுனி கடிபட்டிருக்கிறது என்று எண்ணினால் மான் அதிகமா இல்லையா என்பதைக் கன்றே சொல்லிவிடும்.

சட்டம் எதுவும் இல்லையா?

காட்டு மான் அங்கே யாருக்கும் சொந்தமில்லை. சுடும் உரிமை நிலத்துக்காரருடையது. 1996ஆம் ஆண்டு மான் சட்டப்படி அரசு அமைப்பான நேச்சர்ஸ்காட், நிலத்துக்காரரோடு ஒப்பந்தம் போட்டு மானைக் குறைக்கச் சொல்லலாம். மறுத்தால் கட்டாயப்படுத்தவும் அதிகாரம் உண்டு. இந்தக் கட்டாய அதிகாரம் வெகுகாலம் காகிதத்திலேயே தூங்கியது. 2023ல் ஆண் மானைச் சுடத் தடையாக இருந்த மூடுபருவத்தை எடுத்துவிட்டார்கள். உதவிதான், ஆனால் மேலே சொன்னபடி பெண் மான் குறையாமல் மந்தை குறையாது.

பைன் மட்டும்தான் பாதிக்கப்படுகிறதா?

பைனுக்காவது ஊசியிலையும் பிசினும் இருக்கின்றன. ஆஸ்பென், ரோவன், வில்லோ மூன்றும் மானுக்கு விருந்து. ஆஸ்பென் ஸ்காட்லாந்தில் அபூர்வமாகத்தான் பூக்கும், வேரிலிருந்து கிளம்பும் கன்றுகளை நம்பியே பரவும். அவற்றை மான் ஒன்றுவிடாமல் தின்றுவிடுவதால் பல இடங்களில் எட்டாத பாறை இடுக்கில்தான் அது மிச்சமிருக்கிறது.

பிரிட்டனில் இருக்கும் நாங்கள் என்ன செய்யலாம்? எங்கே போய்ப் பார்க்கலாம்?

இறைச்சி சாப்பிடுபவர் என்றால் வெனிசன் எனப்படும் மான் இறைச்சி வாங்குங்கள், ஸ்காட்லாந்துக் காட்டு மான் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து. கடையில் கிடைப்பதில் பண்ணை மானும் நியூசிலாந்திலிருந்து வருவதும் உண்டு. சுட்ட மானுக்கு விலை கிடைத்தால்தான் குளிர்காலத்தில் சுட ஆள் வைக்க முடியும். வாரக்கணக்கில் தங்கி வேலை செய்ய முடிந்தவர்களுக்கு டண்ட்ரெகன் மாதிரி இடங்கள் இருக்கின்றன.

பார்க்க வேண்டுமென்றால் மேற்கே பெய்ன் ஏ. 1951ல் அறிவிக்கப்பட்ட பிரிட்டனின் முதல் தேசிய இயற்கைக் காப்பகம் அதுதான். லாக் மரீ கரையிலிருந்து பழைய பைன்களுக்கு நடுவே நடைபாதை ஏறுகிறது. கிழக்கே க்ளென்ஃபெஷி, ஆக்லீன் பக்கம் காரை நிறுத்திவிட்டு ஆற்றோரமாக மேலே நடந்தால் பாட்டி மரங்களும் அவற்றைச் சுற்றி எல்லா வயதுக் கன்றுகளும் ஒரே பார்வையில் கிடைக்கும். பாதையை விட்டு இறங்கும்போது கன்று மிதிபடாமல் பாருங்கள். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை கேப்பர்கேலி இருக்கும் காட்டில் நாயைக் கயிற்றிலேயே வைத்திருங்கள். ஹெதருக்குள் உண்ணி இருக்கும், லைம் நோயைப் பரப்பும். பேண்டைச் சாக்ஸுக்குள் சொருகிக்கொண்டு, அறைக்குத் திரும்பியதும் முழங்கால் பின்புறத்தைப் பாருங்கள்.